ஒன்றேகால் அங்குலம்

அவர் கையில் பட்ட பிரம்பு ஒன்பது துண்டாக ஒடிந்தது. முதல் துண்டு ஜன்னல் வழியே பறந்து, மதில்மேல் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்த காக்காயை அடித்து வீழ்த்தியது. இரண்டாவது துண்டு மூன்று வகுப்பறைகளைத் தாண்டிப் போய்த் தலைமையாசிரியரின் தேநீர் கிளாசுக்குள் விழுந்து, அடியில் தங்கியிருந்த சர்க்கரையைக் கலக்கிவிட்டது. அந்த மனிதர் தம் ஆயுளில் இனிப்பாகத் தேநீர் குடித்தது அன்று ஒருநாள்தான். மிச்ச ஏழு துண்டுகளும் வாத்தியார் காலடியில் விழுந்து மன்னிப்புக் கேட்டன. அவர் உள்ளங்கையிலோ ஒரு கீறல் கிடையாது.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையில் பிரம்பு மூன்றாகத்தான் ஒடிந்தது என்று அவர் மனைவி சத்தியம் செய்வாள். மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது ஐந்தாயிற்று. பணி ஓய்வு பெற்ற அன்று ஏழு. இந்தப் பத்து வருடத்தில் இன்னும் இரண்டு. விலைவாசி ஏறினாலும் ஏறாவிட்டாலும் துண்டுகள் ஏறிக்கொண்டேதான் இருந்தன. முடிவெட்டும் கடையிலும், வங்கி வரிசையிலும், மருத்துவமனையில் ரத்தம் எடுக்கக் கையை நீட்டிக்கொண்டும் அவர் அதைச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ரத்தம் எடுத்த பெண் சிரித்த சிரிப்பில் ஊசி நரம்பைத் தவறவிட்டு நாலு தடவை குத்த வேண்டியிருந்தது என்பது அவர் கூற்று. இரண்டு தடவை என்பது அவர் மனைவியின் சாட்சியம்.

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எந்தக் கதையிலும் ஏழாவது மாடியிலிருந்து யாராவது விழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து போவார்கள் என்பதால் தொழில் வட்டாரத்தில் அவருக்கு 'ஏழாவது மாடி' என்றே பெயர். இரண்டு மாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கும்போதும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வலது கையை எப்போதும் கால்சட்டைப் பைக்குள் விட்டிருப்பார். ஸ்பேனரைப் பிடிக்க வெளியே வரும், வேலை முடிந்ததும் வளைக்குள் எலி போவதுபோல உள்ளே போய்விடும். யாராவது குரலை உயர்த்தினால் இன்னும் ஆழமாகப் போகும். கல்யாணப் புகைப்படத்தில்கூட அந்தக் கை பைக்குள்தான். 'ஸ்டைலு' என்று மனைவி நாற்பத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பிரம்புக் கதைக்குச் சிரிக்காத ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். அவர் மகன். பத்து வயதிலேயே முன்னால் வந்து நின்று சொன்னவன்: "ரெண்டரை அடிப் பிரம்பு அஞ்சா ஒடிஞ்சா ஒரு துண்டு ஆறு அங்குலம். ஆறு அங்குலக் குச்சிக்குக் காக்கா சாகாதுப்பா." அப்பேர்ப்பட்டவன் வேறு என்னவாக ஆவான்? கணக்கு வாத்தியாரானான். இரண்டும் இரண்டும் நாலு. அதற்குமேல் ஒரு சொல் சேர்த்தால் அவனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

அந்த மகன் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். நின்றான் என்பதுகூடத் தப்பு. வந்ததிலிருந்து நடந்துகொண்டே இருந்தான். ஃப்ரிட்ஜைத் திறந்தான், எதையும் எடுக்காமல் மூடினான். ஜன்னலுக்குப் போனான், திரும்பினான். சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டே கூடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தான். அவன் நடந்த நடையை நீட்டிப்போட்டால் அடுத்த ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

"ஏண்டா இப்படிக் கூண்டுல போட்ட மாதிரி சுத்துற? உக்காரேன். எனக்கே தலை சுத்துது" என்றாள் அம்மா.

உட்கார்ந்தான். கால் மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"அப்பா, எனக்கு ஒரு உதவி வேணும்."

அவருக்குக் காதை நம்ப முடியவில்லை. நாற்பத்தோரு வருடத்தில் இந்தப் பிள்ளை இவரிடம் கேட்ட முதல் உதவி. பூரித்துப்போய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என் கிளாஸ்ல ஒரு பொண்ணு. ஏழாவது. வீட்டுப்பாட நோட்டு எங்கேன்னு கேட்டேன். லிஃப்ட் முழுங்கிடுச்சு சார்ங்குது. கிளாஸே கொல்லுன்னு சிரிக்குது. வெளையாடுறியான்னேன். இல்ல சார், கதவுகிட்ட சந்துல விழுந்து உள்ள போயிடுச்சு சார்ங்குது, முகத்தை அப்படியே வெச்சுக்கிட்டு." பேனா டிக் டிக்கென்றது. "சின்ன வயசுலேர்ந்து இந்த மாதிரிக் கதை கேட்டுக் கேட்டு எனக்குப் புளிச்சுப் போச்சுப்பா."

"அடிச்சியா?"

"மேஜைமேல ஸ்கேலைத் தட்டினேன். மரஸ்கேல். எங்கியாவது லேசா பட்டிருக்கும்." மகன் எழுந்து மறுபடி ஜன்னலுக்குப் போனான். "அவங்கம்மா புகார் குடுத்துட்டாங்க. வெரல் வீங்கிடுச்சாம். திங்கக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. நான் அடிக்கலைன்னு எழுதிக் குடுத்துட்டேன். அந்தப் பொண்ணுக்குப் பொய் சொல்றதே பழக்கம், நோட்டு லிஃப்டுல விழுந்துச்சுன்னு சொன்ன பொண்ணு வேற என்னதான் சொல்லாதுன்னும் எழுதியிருக்கேன். நீங்க வந்து, அந்தச் சந்துல நோட்டெல்லாம் விழாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். தொழில் தெரிஞ்சவரு சொன்னா கேப்பாங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். அவர் வாய் திறந்து ஒரு சொல்கூட வராமல் மூடியதை அவர் மனைவி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். கையிலிருந்த டம்ளரை அப்படியே கீழே வைத்தாள்.

"எத்தனை பக்க நோட்டு?" என்றார்.

"எண்பது. எதுக்கு?"

"சும்மாதான். எந்தக் கட்டடம்?"

சொன்னான். பத்தொன்பது வருடம் அவரே எண்ணெய் போட்டுக் காப்பாற்றிய லிஃப்ட் அது. அதன் இருமல், தும்மல் எல்லாம் அவருக்கு அத்துப்படி. தளத்துக்கும் லிஃப்டின் தரைக்கும் நடுவிலே ஒன்றேகால் அங்குலம் இடைவெளி. எண்பது பக்க நோட்டு கால் அங்குலம்கூட வராது. தபால்பெட்டியில் கடிதம் போடுவதுபோல, அது பாட்டுக்கு உள்ளே போகும். அந்த ஒன்றேகால் அங்குலத்தின் வழியாக விழுந்தவற்றை அவர் முப்பத்தாறு வருடம் பொறுக்கியிருக்கிறார்: சாவிகள், சீப்புகள், மின்சாரக் கட்டண ரசீதுகள், ஒரு முழுப் பல்செட், நிச்சயதார்த்த மோதிரங்கள் பதினாலு. மோதிரம் இரண்டுதான். ஆனால் பல்செட் சத்தியமாக நிஜம்.

மகன் போன பிறகும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிவியைப் போட்டார், நிறுத்தினார். செருப்பை மாட்டினார், கழற்றினார். "உங்க ரெண்டு பேரையும் ஒரே அச்சுல வார்த்துட்டான்" என்றாள் மனைவி. அவனுக்கு வேலை போனால் வீட்டுக்கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன. போய் விழாது என்று சொல்லிவிட்டால் போயிற்று. ஆயுள் முழுக்க அள்ளி விட்டவருக்கு ஒரு சின்னப் பொய் என்ன பெரிய பாரமா? மலையைத் தூக்கிய ஆளுக்குக் கூழாங்கல். ஆனால் இந்தக் கூழாங்கல் கையில் ஏறவே மாட்டேன் என்றது. அவருடைய பொய்கள் எல்லாம் இல்லாததை இருக்கிறது என்று சொல்லும் ஜாதி. இருப்பதை இல்லையென்று சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்றார். வாட்ச்மேன் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டான்.

"ஏழாவது மாடி சாரே! இன்னும் விழலியா நீங்க?"

"நாலு தடவை விழுந்துட்டேன். சாவுக்கு என்னைப் பாத்தா சலிப்பு. லிஃப்டை அஞ்சாவது மாடிக்கு ஏத்தி மெயினை அணைச்சுட்டு வா. சுவிட்சுகிட்ட யாரையும் விடாத."

"இப்ப வேற கம்பெனிக்காரங்க பாக்குறாங்க சார். உங்களை எறக்கி எதுனா ஆச்சுன்னா என் வேலை காலி."

"ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு நோட்டு உள்ள கெடக்கு."

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தான். "நாலாவது மாடிப் பாப்பாவா? போன வாரம் ரெண்டு நாள் எங்கிட்ட வந்து நின்னுச்சு, எடுத்துக் குடுங்க அண்ணேன்னு. மெக்கானிக் மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாரு, அப்பப் பாக்கலாம்னுட்டேன்." குரல் தாழ்ந்தது. "அதுக்கா சார் அடி விழுந்துச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் போய் லிஃப்டை ஏற்றி மெயினை அணைத்துவிட்டு வந்தான். அவர், ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் திருப்பிக் கொடுக்க மறந்துபோன முக்கோணச் சாவியை எடுத்துத் தரைத்தள லிஃப்ட் கதவைத் திறந்தார். நாலரை அடிக் குழி. அறுபத்தெட்டு வயதில் அது நாற்பது அடி. இறங்குவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. வலது கையைப் பையிலிருந்து வெளியே இழுத்தார். கீழே கிரீஸும் தூசியும் சேர்ந்து அல்வாப் பதத்தில் கிடந்தது. டார்ச் வெளிச்சத்தில் சீப்புகள், ஒற்றைச் செருப்பு, சாவிக்கொத்து. ஸ்பிரிங்கில் சாய்ந்தபடி, யாரோ காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போன மாதிரி, அந்த நோட்டு நின்றுகொண்டிருந்தது. ஒரு மூலை எண்ணெயில் ஊறியிருந்தது. சட்டையில் துடைத்துவிட்டுப் பிரித்தார். நாலு கணக்குகள். ஒவ்வொன்றுக்கும் கீழே உருட்டி உருட்டி 'சரிபார்த்தேன்' என்று எழுதி, கோடு போட்டிருந்தது. அது அவர் மகன் வகுப்பில் போட்ட சட்டம். சரிபார்க்காத விடை விடையே இல்லை என்பான்.

குழியில் நின்றபடியே நோட்டைத் தவறவிட்டுப் பிடித்தார். எண்ணெய் வழுக்கலாக இருக்கும் என்று வாட்ச்மேனிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் மகனை வரச்சொல்லி, நோட்டை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். மகன் நின்றவாறே பார்த்தான். பெயர், வகுப்பு, பாடம். பக்கத்தைப் புரட்டினான். மூடினான்.

"எங்க கெடச்சுது?"

"அவ சொன்ன எடத்துலதான்."

பேனா டிக் டிக்கென்றது. "நீங்களே எழுதி வெச்சீங்களா?"

அவர் கடகடவென்று சிரித்துவிட்டார். "எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வருமாடா? நான் போட்டிருந்தா நாலுல மூணு தப்பாயிருக்கும்." சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. மகன் வேடிக்கைக்குக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நாளைக்கு இதை எடுத்துட்டு வராதீங்கப்பா" என்றான் மகன். "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். இப்ப மாத்திச் சொன்னா அடிச்சதுக்கும் சேத்து, பொய் சொன்னதுக்கும் சேத்து வேலை போகும். நீங்க வரவே வேணாம். விட்டுடுங்க. அடி வாங்காமயா எல்லாரும் படிச்சாங்க? நீங்க வாங்கலியா? ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சுக்கிட்டுதானே இருக்கீங்க?"

அவர் கை பைக்குள் போயிற்று. அப்புறம் பேசினார். ஏற்ற இறக்கமே இல்லாத, கைப்பாவனை ஒன்றுகூட இல்லாத அந்தக் குரல் அவருக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"பிரம்பு ஒடியவே இல்லடா."

மகன் திரும்பினான்.

"எனக்குப் பதினோரு வயசு. பள்ளிக்கூடம் போற சந்துல தேன்கூடு ஒண்ணு கழண்டு விழுந்துடுச்சு. சந்து முழுக்க ஈ. யாரும் அசையல, நானும் அசையாம சுவரோரமா நின்னேன். லேட்டாயிடுச்சு. ஏன் லேட்டுன்னாரு சார். நடந்ததைச் சொன்னேன். பொய் சொல்றியாடான்னாரு. இல்ல சார்னேன். வலது கையை நீட்டச் சொன்னாரு. ஆறு அடி. இந்த ஆறை நான் ஏத்திச் சொல்லல, குறைச்சும் சொல்லல. ஒவ்வொரு அடிக்கும் நடுவுல, பொய்யின்னு ஒத்துக்கோன்னாரு. நான் ஒத்துக்கல. அதனாலதான் ஆறு."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் மறுபடி லேட்டு. அப்ப நெஜமாவே தூங்கிட்டேன். சார் கேட்டாரு. வழியில ஒரு யானை மறிச்சுது, உங்க சார் கணக்குல கெட்டிக்காரரான்னு கேட்டுச்சு, ஆமான்னு சொன்னப்புறந்தான் விட்டுச்சுன்னேன். கிளாஸே சிரிச்சுது. சாரும் சிரிச்சாரு. போய் உக்காருடான்னாரு." அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நெசத்துக்கு ஆறு அடி. யானைக்கு ஒண்ணும் இல்ல. அன்னைக்குப் புடிச்சதுடா இது. இன்னும் விடல."

மகன் வெளியே போனான். பேனாவை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி, நெடுநேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப அந்தக் காக்கா?"

"அது பாட்டுக்குப் பறந்து போயிடுச்சு."

திங்கட்கிழமை பத்தேமுக்காலுக்குத் துணிப்பையோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார். வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு வந்திருக்கிறார். பைக்குள் நோட்டு இருக்கிறது. எடுப்பாரா மாட்டாரா என்று அவருக்கே தெரியாது. வாசலுக்கும் மரத்தடிக்குமாக எட்டு தடவை நடந்துவிட்டார். எட்டா எண்பதா என்றால் அன்றைக்கு அவரே எட்டு என்றுதான் சொல்லியிருப்பார்.

தலைமையாசிரியை அறையில் ஐந்து நாற்காலிகள். ஒன்றில் அந்தப் பெண். இரட்டைப் பின்னல், நடுவிரலோடு பக்கத்து விரலைச் சேர்த்துப் போட்ட கட்டு. பக்கத்தில் அவள் அம்மா, மருந்துக்கடைச் சீருடையோடு, பாதி வேலையில் ஓடி வந்தவளாக. எதிரே மகன். அப்பாவைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போயிற்று. பார்வை துணிப்பைக்குப் போய், நகராமல் அங்கேயே நின்றது.

மகன் எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதத்தைத் தலைமையாசிரியை வாசித்தார். 'மாணவிக்கு இவ்வாறு கற்பனையாகப் பேசும் வழக்கம் உண்டு' என்ற இடத்தில் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார்.

"என் பொண்ணு கதை விடுவா மேடம், நான் இல்லைங்கல" என்றாள் அம்மா. "நாய் பேசுச்சும்பா, நிலா வாலாட்டுச்சும்பா. ஆனா அவ வெரல் கதை விடாதுல்ல?"

"அது எப்படி வேணா பட்டிருக்கலாம்னு சார் சொல்றாரு. நோட்டு விஷயத்துலேயே..." தலைமையாசிரியை இவர் பக்கம் திரும்பினார். "நீங்கதான் சாரோட அப்பாவா? லிஃப்ட் வேலை தெரிஞ்சவர் வருவார்னு எழுதியிருக்காரு. சொல்லுங்க. அந்தச் சந்துல ஒரு நோட்டு விழுமா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சொல்வதற்கு வாயில் ஆயிரம் இருந்தது. பல்செட் இருந்தது, மோதிரங்கள் இருந்தன, ஏழாவது மாடியே இருந்தது. அந்தப் பெண்ணும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவரும் அதே பொய்யை இன்னொரு தடவை சொல்லப்போகிறார் என்று தெரிந்துவைத்திருக்கிற பார்வை, அதில் கோபம்கூட இல்லை.

"விழும் மேடம்" என்றார். அவ்வளவுதான்.

"விழும்னா? சார் இங்க விழவே விழாதுன்னு எழுதியிருக்காரு. ரெண்டுல எது நிஜம்?"

வெளியே ஓடிய பிள்ளைகளின் கூச்சல் தாங்காமல், "சைலன்ஸ்!" என்று குரலை உயர்த்தி, தலைமையாசிரியை கையிலிருந்த ஸ்கேலால் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

அந்தப் பெண்ணின் கட்டுப் போட்ட கை சடாரென்று அக்குளுக்குள் போய் ஒளிந்தது. எதிரே, நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்தவரின் வலது கை, துணிப்பையை விட்டுவிட்டு, கால்சட்டைப் பைக்குள் மணிக்கட்டு வரை இறங்கியது. துணிப்பை மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது.

மகன் பெண்ணைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். கல்யாணப் புகைப்படத்தில், வேலைகளுக்கு நடுவில், தன் பிறந்தநாட்களில், பார்த்துப் பார்த்து ஸ்டைல் என்று நம்பியிருந்த அந்தக் கையை இன்றைக்குத்தான் பார்ப்பவன்போல வெகுநேரம் பார்த்தான். அவன் கால் ஆடுவது நின்றுபோயிருந்தது.

எழுந்தான். குனிந்து துணிப்பையை எடுத்தான். உள்ளேயிருந்து நோட்டை வெளியே இழுத்து, ஊறிப்போன மூலையைத் தன் வெள்ளைச் சட்டையின் நுனியால் துடைத்தான். கறை சட்டைக்கு வந்ததே தவிர நோட்டை விட்டுப் போகவில்லை. நாலு கணக்குகள் இருந்த பக்கத்தைப் பிரித்து, அந்தப் பெண்ணின் முன்னால், அவளுக்கு நேராக இருக்கும்படி திருப்பி வைத்தான். 'சரிபார்த்தேன்' என்ற கடைசி வரிமேல் அவன் விரல் நின்றது.

"விழுந்திருக்கு மேடம்" என்றான். "நான் அடிச்சேன். இவ சொன்னது எல்லாமே நடந்துச்சு."